ஆறு பத்துக்குக் கடைசி வண்டி

லிஸ்பனில், சன்னல் இல்லாத ஓர் அறை.
பேனாவையும் கைபேசியையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்.
உள்ளே மூன்று லட்சம் பேர்
பெயர் களைந்து, எண் அணிந்து,
இருபது ஆண்டுக் கூலியோடு
எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

முதல் வேலை, துடைப்பது.
பிறந்த ஆண்டு 1871 என்றிருப்பவரை நீக்கு.
ஒரே மாதத்தில் இருமுறை ஓய்வு பெற்றவரை நீக்கு.
தலையும் குடலும் போனபின்
மிஞ்சும் சதை சீராக இருக்கும்.
சமன்பாட்டுக்கு அதுதான் வசதி.

வயதுக்கு இவ்வளவு. படிப்புக்கு இவ்வளவு.
பெண்ணாய்ப் பிறந்ததற்கு இவ்வளவு கழித்துக்கொள்.
கூட்டியும் கழித்தும் பிடிபடாமல்
கடைசியில் நிற்கிறதே,
அதற்கு எங்கள் துறையில் எச்சம் என்று பெயர்.
முடியாமல் தொங்கும் வினைக்கும் அதே பெயர்.
மதியம் வெளியே வந்தால்
என் கார்க் கண்ணாடியில் கடற்காகம்
விட்டுப்போயிருப்பதற்கும்.

மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர்
(பெயர் சொல்ல ஒப்பந்தம் தடுக்கிறது).
அங்கே எச்சம் பெரிதாக இருந்தது.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இரண்டு,
வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று,
நடுவில் நாலு கிலோமீட்டர்.
தெற்கில் மணிக்கு எழுபது சென்ட் கூடுதல்,
பதினோரு ஆண்டாக.
வடக்கிலிருந்து ஒருத்தியும் நகரவில்லை.
தண்ணீர் பள்ளம் பார்க்கும், கூலியாள் மேடு பார்ப்பாள்
என்பதல்லவா நாங்கள் நடத்தும் முதல் பாடம்?

கருத்தரங்கில் ரோட்டர்டாம்காரர் ஒருவர் கை தூக்கினார்.
"கண்ணுக்குத் தெரியாத திறமைக் குறைவாக இருக்கலாம்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்.
தரவில் எதையெதையோ துடைத்தாயிற்று,
அது மட்டும் போகவில்லை.

போய்ப் பார்த்தேன்.
எர்மெலிண்டா என்று வைத்துக்கொள்வோம்.
நீல உறை, ரப்பர் காலணி,
டப்பாவுக்கு ஆறு மீன், தலைமாடு கால்மாடாக,
கண் பார்க்காமலே கை அடுக்குகிறது.
இதுவா திறமைக் குறைவு என்று
யாரிடம் கேட்பது?
ரோட்டர்டாம் வெகுதூரம்.

"தெற்கே ஏன் போகவில்லை?"
கை நிற்கவில்லை.
"அங்கே வேலை விடுவது ஆறேகால்.
எங்கள் குடியிருப்புக்குக் கடைசி வண்டி ஆறு பத்து."

அவ்வளவுதான்.
ஐந்து நிமிடம்.
என் ஒன்பது பக்கப் பின்னிணைப்பு
மழையில் நனைந்தபடி நிறுத்தத்தில் நின்று கை காட்டுகிறது,
நிற்காமல் போகிறது பேருந்து.

"முன்னே ஆறரைக்கும் ஒரு வண்டி ஓடியது.
நிறுத்திவிட்டார்கள்."
யார் என்றேன்.
ஒட்டிய செதிலை உதறுவதுபோல்
தோளைக் குலுக்கினாள்.

பிறகு அவள் முறை.
"இதையெல்லாம் கேட்டுவர
உங்களுக்கு மணிக்கு எவ்வளவு?"
நான் மனக்கணக்கில் தேர்ந்தவள்.
சம்பளத்தை மணிகளால் வகுத்தேன்,
வந்ததைப் பாதியாக்கிச் சொன்னேன்.
பாதியைத்தான் சொன்னேன்.
அதற்கே அந்தக் கை
அன்றைக்கு முதல் முறையாக நின்றது.
ஒரு மீன் வாலோடு வால் சேர்ந்து
தப்பாய்ப் படுத்துக்கொண்டது.
எடுத்துத் திருப்பி வைத்தாள்.
அதன்பின் என்னிடம் அவள் பேசவில்லை.

அட்டவணையைச் சமன்பாட்டில் சேர்த்துவிட்டேன்.
எச்சம் சுருங்கியது. தீரவில்லை.
கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன்.
பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் எழுதுகிறார்:
"சுவையான முடிவு. ஆனால் ஒரு சிறு ஐயம்.
ஐந்து நிமிடம் முன்னதாக விடும்படி அந்தப் பெண்கள்
தெற்கு ஆலையிடம் ஏன் பேரம் பேசவில்லை?"

பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
"மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா" வரை வந்திருக்கிறது.
சுவர்க் கடிகாரத்தில் மணி
ஆறு எட்டு.